கற்பனையும் கிருபையும்

செம்மங்குப்பம் என்னும் ஊரின் இரு மருங்கிலும், வடக்கே கடலூரிலும் தெற்கே சிதம்பரத்திலுமாக, மனிதன் தன் பலத்தால் கடக்கவியலாத இருளைக் குறித்தும், அதனின்று அவனை மீட்கும் தெய்வ தயவைக் குறித்தும், இரு வேறு சமயத்தார் வெவ்வேறு காலங்களில் ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். 14ஆம் நூற்றாண்டில் தில்லை எனப்படும் சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், தமது திருவருட்பயனில் இருள்மல நிலையை முன்னர் விளக்கி, அதற்கடுத்தே அருளது நிலையை வைத்தார். அவருக்குச் சுமார் 400 ஆண்டுகளுக்குப் பின், கடலூரில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஓதிய ஞானோபதேசமும், பொருளில் வேறுபட்டதாயினும், அவ்வாறே குறையை உணர்த்திய பின்னரே கொடையைக் கூறிற்று.

அவ்வுபதேசம், 1529இல் மார்ட்டின் லுத்தர் இயற்ற, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழாக்கிய சிறு நூலாகும். அதில் முதலிற் பத்துக் கற்பனைகள், பின்னர் விசுவாசப் பிரமாணம், அதன்பின் கர்த்தருடைய ஜெபம் என்னும் முறை வகுக்கப்பட்டிருப்பது காரணமின்றியன்று. தேவ நியாயப்பிரமாணம் ஒரு கண்ணாடி. அது முகத்தின் கறையைக் காட்டுமேயன்றிக் கழுவாது. கறையைக் கண்டு கலங்கியவனுக்கே கழுவும் நீரின் அருமை விளங்குமாதலால், கற்பனையைக் கேட்டுத் தன்னைப் பாவியென்று உணர்ந்தவன், தன் புண்ணியத்தால் ஈட்டாத இரட்சிப்பைக் கிறிஸ்துவின் நிமித்தம் இனாமாகப் பெறுகிறான் என்பதே லுத்தரன் குருமாரின் சித்தாந்தம். கத்தோலிக்கரோ, கிருபையே முந்துவதென்று ஒப்புக்கொண்டும், அதனோடு மனிதனுடைய சித்தமும் இசைந்து நற்கிரியை செய்தல் வேண்டுமென்று போதித்தனர்.

கிருபையென்னும் இக்கொடைக்குத் தமிழிற் பெயர் சூட்டியதும் ஒரு சரித்திரமே. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் உழைத்த தத்துவ போதகராகிய நோபிலி, சைவர் நாவிற் பழகிய அருள், பிரசாதம் என்னும் சொற்களைக் கிறிஸ்தவத்திற்கு ஆக்கினார். பப்ரிசியுஸ் ஐயரின் வேதாகமத்தால் கிருபை என்பது சீர்திருத்த சபையாரின் ஜெபமொழியாயிற்று.

இக்கிருபையைப் போதித்த லுத்தரன் குருமாரின் மிஷன் 1737இல் கடலூரில் நிலைபெற்றது. 1740இல் சுவீடன் தேசத்துப் போதகர் கீர்நாந்தர் அங்கு வந்து சேர்ந்தார். 1749இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென், கத்தோலிக்கரிடமிருந்து பறித்த கோயிலை அவரிடம் ஒப்புவிக்க, அவரும் ஏற்றுக்கொண்டார். பிறனுடைய வீட்டை இச்சிக்கலாகாதென்ற கற்பனையை நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கோயிலில் நின்றே அதைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்ததை எண்ணும்போது, கண்ணாடி போதகரையும் விட்டுவைப்பதில்லை என்பது என் உள்ளத்தில் உறைக்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைக் கைப்பற்றியபோது, கீர்நாந்தர் அந்நகரை இழந்தாரேனும், தரங்கம்பாடிக்குப் பத்திரமாய்ச் செல்ல அனுமதி பெற்றார். பின்னர் அதே ஆண்டில் கல்கத்தாவை அடைந்து, அங்குத் தம் ஊழியத்தைத் தொடர்ந்தார்.

லாலி தந்த அனுமதி உலகத்தார் தயவேயன்றித் தேவ கிருபையன்று. ஆயினும், கோயிலை இழந்தவர்களின் சமயத்தைச் சார்ந்த ஒருவனுடைய கையிலிருந்தே, கேட்கத் தமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெற்றுக்கொண்டு வெளியேறிய அப்போதகர், தாம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடத்தின் இரு பகுதிகளையும் கடலூரிலேயே தம் வாழ்வில் வாசித்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.