மடுகரை தந்த முதல்வர்கள்

வெங்கடசுப்பா ரெட்டியார் சிலை என்றால் புதுச்சேரியில் ஆட்டோக்காரர் முதல் எல்லோருக்கும் இடம் தெரியும். சிலையில் இருப்பவர் யார் என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அதற்காகவே இந்தப் பதிவு.

அவர் நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள மடுகரை கிராமத்துக்காரர். நம் புதுச்சேரி ஒரே துண்டான நிலம் அல்ல. நெட்டப்பாக்கம், சுற்றிலும் தமிழக ஊர்கள் சூழ்ந்த தனித் திட்டு. பிரெஞ்சுப் போலீஸ் நகரத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் இந்திய மண்ணைக் கடந்துதான் போக வேண்டும். இந்த வசதிதான் விடுதலைப் போராட்டத்துக்குக் கைகொடுத்தது. 1954 மார்ச் இறுதியில் குபேர் தலைமையில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. நகரம் விடுதலை அடைவதற்கு முன்பே கிராமம் விடுதலை அடைந்தது! அதன் பிறகு அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையவேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது.

1963-ல் குபேர் முதல் முதல்வரானார். 1964 செப்டம்பரில் அந்த நாற்காலிக்கு வந்தவர் ரெட்டியார். 1967 ஏப்ரலில் 29 வயது பரூக் முதல்வரானார். 1968 மார்ச்சில் ரெட்டியார் மீண்டும் வந்தார். ஆனால் ஆறு மாதத்தில் அந்த ஆட்சியும் முடிந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 30 உறுப்பினர்கள் கொண்ட சின்னச் சபையில் இரண்டு மூன்று பேர் இடம் மாறினாலே அரசு ஆடிவிடும். அந்த நோய் இன்றும் தீரவில்லை.

அவருடைய மகன் வைத்திலிங்கம் 1985 முதல் நெட்டப்பாக்கத்தில் வென்றுவந்தார். 1991-லும் 2008-லும் முதல்வர், 2016-ல் சபாநாயகர், 2019-லும் 2024-லும் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே கிராமத்து வீட்டிலிருந்து அப்பாவும் மகனும் ஆளுக்கு இரண்டு முறை முதல்வர்.

இதில் பெருமையும் உண்டு, கேள்வியும் உண்டு. ஊர்க்காரனின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கும் தலைவரை கிராமம் கைவிடாது. ஆனால் அதே விசுவாசம், நிலமும் செல்வாக்கும் இல்லாதவர்களை வெளியிலேயே நிறுத்திவிடவும் செய்யும். தொகுதி மறுசீரமைப்பில் நெட்டப்பாக்கம் தனித் தொகுதியானது. 2011-ல் வைத்திலிங்கம் நகரத்துக்கு வந்து காமராஜ் நகரில் நின்றார். 2016-ல் நெட்டப்பாக்கத்திலிருந்து விஜயவேணி என்ற பெண் சட்டமன்றம் போனார். சேரி மக்கள் ஓட்டுப் போட மட்டும் அல்ல, ஓட்டுக் கேட்கவும் வந்த காலம் அது. கொடி ஏறிய 1954-க்கு இணையான நாள் என்று அதையும் நான் சொல்வேன்.

சிலையைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 1954-ல் கண்டதைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது.