82 விக்கெட்: கம்மாய்த் திறமையா, கைத் திறமையா?

நயினார்கோவில் பக்கம் கண்மாய் வற்றினால்தான் எங்களுக்குக் கிரிக்கெட். வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் டென்னிஸ் பந்து எங்கே திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. நான் ஆஃப் ஸ்பின் போட்டு விக்கெட் எடுத்தால், "அது ஒன் திறமை இல்லடா, கம்மாய்த் திறமை" என்பார்கள். பிற்காலத்தில் அஸ்வினைப் பற்றியும் நண்பர்கள் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் நம் மலருக்கு இந்தப் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்தேன்.

2016 செப்டம்பர் முதல் 2017 மார்ச் வரை இந்தியா சொந்த மண்ணில் 13 டெஸ்ட் ஆடியது. ரவிச்சந்திரன் அஸ்வின் எடுத்தது 82 விக்கெட்: நியூசிலாந்திடம் 27, இங்கிலாந்திடம் 28, வங்காளதேசத்திடம் 6, ஆஸ்திரேலியாவிடம் 21. ஒரே சீசனில் அதற்கு முந்தைய உச்சம், 2007-08ல் தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் எடுத்த 78. அமெரிக்கர்கள் பேஸ்பாலில் 'ஸ்ட்ரைக் அவுட்' கணக்கை இப்படித்தான் சீசன் வாரியாகப் போற்றுவார்கள். 1973ல் நோலன் ரயன் 383 எடுத்து, 1965ல் சாண்டி கூஃபாக்ஸ் எடுத்த 382ஐ ஒன்றே ஒன்றால் தாண்டியதை இன்றும் பேசுகிறார்கள். நாமோ, "எல்லாம் நம்ம ஊரு பிட்ச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

பிட்ச் மட்டும்தானா? இந்தூரைப் பாருங்கள். இந்தியா 5 விக்கெட்டுக்கு 557 ரன் குவித்து டிக்ளேர் செய்த ஆட்டம். கோலி 211. அதே தரையில் அஸ்வின் 13 விக்கெட். மும்பையில் இங்கிலாந்து 400, இந்தியா 631 அடித்த ஆட்டத்தில் அவருக்கு 12 விக்கெட். அந்த ஆட்டத்தின் கடைசி நாள் 2016 டிசம்பர் 12. மீதமிருந்த நான்கு பேரையும் காலையிலேயே அவர் ஒருவரே வீழ்த்தினார். அன்றுதான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்களோ என்ற கவலை மனசில் இல்லாமலா இருந்திருக்கும்?

எதிர்க்கட்சி வாதத்தையும் மறைக்கக் கூடாது. அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில். சொந்த ஊர், சொந்த மைதானம். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு விக்கெட். அதே ஆட்டத்தில் ஜடேஜாவுக்கு 10. ராஞ்சியிலும் அஸ்வினுக்கு 2தான். ஜடேஜா அந்த சீசனில் எடுத்தது 71 விக்கெட். ஒரு முனையில் மூச்சுவிட முடியாமல் போனதால்தான் மறுமுனையில் பலர் அவசரப்பட்டு அவுட் ஆனார்கள் என்பது என் கணிப்பு. 82ஐச் சொல்கிறவர்கள் இந்த 71ஐயும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனால் பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு வெறும் 188 ரன் இலக்கு என்றபோது, 41 ரன்னுக்கு 6 பேரைச் சாய்த்து ஆட்டத்தைத் திருப்பியவர் அஸ்வின்தான்.

நம் மாணவர்களுக்கு ஒரு செய்தி. அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்த பி.டெக். பட்டதாரி. அவருக்கு முன் தமிழ்நாட்டின் பெரிய ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவன், கிண்டி பொறியியல் கல்லூரிக்காரர். கர்நாடகத்தின் பிரசன்னாவும் கும்ப்ளேயும்கூட இன்ஜினியர்கள்தான். இந்தப் பட்டியலைக் காட்டித்தான் செமஸ்டர் நேரத்தில் அப்பாவிடம் பேட் வாங்கக் காசு கேட்டேன். "அவங்க அரியர் வச்சாங்களாடா?" என்றார்.

2024 டிசம்பரில் அஸ்வின் ஓய்வை அறிவித்தபோது மொத்தக் கணக்கு 106 டெஸ்டில் 537 விக்கெட். அதில் 82, அந்த ஆறு மாதத்தில் வந்தது.