ஊற்று முதலில், நீதிமன்றம் பிறகு: ஒரு சின்ன ஊர் உருவான கதை

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பாலையும் வெண்ணெயையும் எங்கே வைத்திருப்பாங்க? அமெரிக்கக் கிராமப்புறங்களில் அதற்கு ஒரு வழி இருந்தது: ஊற்று வீடு.

நிலத்தடியிலிருந்து வரும் நீர் வெயில் காலத்திலும் சில்லுனு இருக்கும். அந்த ஊற்றின் மேல் கல்லால் ஒரு சிறு அறை கட்டுவார்கள். இலை தழையும் ஆடு மாடும் உள்ளே போகாது. குடிநீர் சுத்தமாக இருக்கும். பால் பாத்திரத்தை நீரில் வைத்தால் சீக்கிரம் கெடாது.

மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் ஊரில் அப்படி ஒன்று இன்றும் நிற்கிறது. சுமார் 1785இல் கட்டப்பட்ட சதுரமான கல் அறை அது. அதன் பக்கத்திலேயே, 1837இல் கட்டப்பட்ட கிரீன்பிரையர் மாவட்டச் செங்கல் நீதிமன்றம்.

ஏன் பக்கத்துப் பக்கத்தில்?

தண்ணீர்தான் காரணம். வரிசையாகப் பாருங்கள்:

• 1751: நில அளவையாளர் ஆண்ட்ரூ லூயிஸ் ஊற்றருகே முகாமிட்டார். ஊற்றுக்கு அவர் பெயரே நிலைத்தது.
• 1774: அதே லூயிஸ் இங்கே படை திரட்டினார். அக்டோபர் 10ஆம் தேதி, பாயிண்ட் பிளசண்ட் என்ற இடத்தில் அந்தப் படை ஷானி பூர்வகுடியினருடன் மோதியது.
• 1778: கிரீன்பிரையர் மாவட்டம் உருவானது.
• 1782: லூயிஸ்பர்க் சட்டப்படி ஊரானது.

ஊற்று இருந்ததால் முகாம். முகாமைச் சுற்றி ஊர். ஊர் வளர்ந்ததும் நீதிமன்றம்.

இன்னொரு விஷயம் தெரியுமா? மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது 1863இல்தான். அதாவது, மாநிலத்தைவிட நீதிமன்றத்துக்கு வயது அதிகம்!

சொல்லாமல் விடக்கூடாத பக்கம்

1774 போருக்குப் பிறகு, ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த வேட்டை நிலங்களை ஷானி மக்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. குடியேறிகளின் நிலத் தகராறுகளைத் தீர்க்க மாவட்ட நீதிமன்றம் வந்தது. ஆனால், அந்தப் பகுதியில் அதற்கு முன்பு வேட்டையாடியவர்களின் உரிமையை முடிவு செய்தது நீதிமன்றம் அல்ல, போர். அழகான தூண்களைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது?

1973இல் நீதிமன்றமும் ஊற்றும் ஒரே பதிவாக அமெரிக்கத் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தன. அது சரியான முடிவுதான். ஒன்றை விட்டுவிட்டால் மற்றொன்று ஏன் அங்கே இருக்கிறது என்றே புரியாது.

அடுத்த முறை ஏதாவது பழைய கட்டடத்துக்குப் போனால், பக்கத்தில் கிணறோ ஆறோ இருந்ததா என்று கேட்டுப் பாருங்க. ஊரின் கதை அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.