எட்சாக்கின் எஞ்சிய சட்டம்

பழைய கணிப்பொறியொன்றின் மின்சுற்றுப் பலகை கையிற் கிடைக்குமாயின், அதனை உலோகத்துக்காக உருக்குவதா, காப்பதா? இவ்வினாவுக்கு விடைகாண எட்சாக்கின் வரலாறு துணைபுரியும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான இக்கணிப்பொறி, 1949 மே 6ஆம் நாள் எண்களின் வர்க்க அட்டவணையைக் கணித்தது. அதன் ஏறத்தாழ 3000 வால்வுகளும் உலோகச் சட்டங்களில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. பிற்காலத்து மின்சுற்றுப் பலகைகளுக்கு அச்சட்டங்களை முன்னோடி எனலாம். 1958இல் எட்சாக் நிறுத்தப்பட்டுக் கழற்றப்பட்டது, உறுப்புக்கள் சிதறின, வரைபடங்களும் பெரும்பாலும் மறைந்தன.

பிளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறி நூதனசாலையில் அதனை மீளவும் அமைக்கும் திட்டம் 2011இல் தோன்றிற்று. அப்பணியாளர் பழைய ஒளிப்படங்களையே பெரிதும் நம்பவேண்டியவராயினர். 2014இல் பழைய சுற்று வரைபடங்கள் 19 வெளிவந்தன. 2015இல் மூலச் சட்டமொன்று அமெரிக்காவிலிருந்து மீண்டது. வைத்திருந்தோர் எறியாது விட்டமையாலன்றோ அஃது எஞ்சியது!

ஈண்டு அறியற்பாலது யாதெனின், பழம்பலகையின் பெறுமதி அதன் பொன்னிலும் செம்பிலும் இல்லை; இன்ன இயந்திரத்தின் இன்ன உறுப்பு என்னும் அறிவிலேயே உளது. ஆதலின், அதிற் பொறித்த எண்களைக் குறித்தலும், வரைபடங்களோடு ஒப்பிடுதலும், கிடைத்த இடத்தை எழுதிவைத்தலும் முதற் கடனாம். மின்பாய்ச்சிப் பார்க்கும் ஆவலை அடக்குக. முதிர்ந்த மின்னொடுக்கிகள் பழுதுற்று ஏனைய உறுப்புக்களையும் கெடுத்தல் கூடும். உருக்கிய உலோகம் மீண்டும் வாய் திறவாது. ஆதலால், இன்னதென அறியுமுன் எதனையும் அழித்தல் தகாது.