பதிவட்டையிலிருந்து இணையத் தேர்வு வரை: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தொழில்நுட்ப வேலை தேடலின் வரலாறு

ஒரு வட்டாரத்தின் வேலைவாய்ப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் கல்லூரிகளையும் எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். வேலை இருக்கிறது என்னும் செய்தி யாரிடமிருந்து, எவ்வழியாக, எந்த மொழியில் இளைஞரிடம் வந்து சேர்ந்தது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தைப் பொறுத்தவரை இவ்வினா அடிப்படையானது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், அவ்வாண்டில் தனி மாவட்டமாகியது. 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாகியது. சென்னையும் பெங்களூரும் சில மணி நேரப் பயணத்தில் உள்ளன. மாநிலத் தலைநகராக 1956இல் அமைந்த ஐதராபாத்தோ ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தது. மூன்று பெருநகரங்களின் ஈர்ப்புக்கு உட்பட்டும் தனக்கென ஒரு பெருநகரம் இல்லாத இம்மாவட்டத்தில், வேலை தேடுதல் என்பது செய்தி தேடுதலாகவே தொடங்கியது.

அச்செய்தியைத் தரும் பொறுப்பை முதலில் ஏற்றது அரசு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வாழ்வளிக்கும் நோக்குடன் 1945இல் தொடங்கப்பட்ட அமைப்பே பின்னர் வேலைவாய்ப்பு அலுவலகங்களாக விரிந்தது. அவற்றின் அன்றாட நிருவாகம் 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசம் பிறந்த நாளும் அதுவே. 1959ஆம் ஆண்டின் காலிப்பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம், அரசுத் துறை நிறுவனங்களும் 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை இவ்வலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அங்குப் பதிந்தவரையே பணியில் அமர்த்த வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. தெரிவிக்கும் கடமை உண்டு, தேர்ந்தெடுக்கும் கடமை இல்லை என்ற இந்த இடைவெளியிலேயே பிற்கால வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பட்டமோ பட்டயமோ பெற்றவர் தம் சான்றிதழ்களுடன் மாவட்ட அலுவலகத்தில் பதிவுசெய்து, பதிவட்டை பெற்று, குறித்த காலத்தில் அதனைப் புதுப்பித்து, அழைப்பாணைக்குக் காத்திருக்க வேண்டும். பதிவு மூப்பே அவருடைய மூலதனம். புதுப்பிக்கத் தவறியவர் பல ஆண்டு மூப்பை ஒரே நாளில் இழந்தார். காத்திருப்பு நீண்டது, எனினும் வரிசையில் தம் இடம் எது என்பதைக் கேட்டறிய ஒரு வாயில் இருந்தது.

அக்காலத்தில் தொழில்நுட்ப வேலை என்றால் பெரும்பாலும் பொதுத்துறை வேலை. பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1948இலும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் தோன்றின. ஐதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் 1967இல் எழுந்தது. ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971இல் முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணேறியது. திருப்பதியில் 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், அதன் பொறியியல் கல்லூரியும், 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் படித்தோரை உருவாக்கின. அவர்களுக்குரிய விளம்பரங்கள் நாளிதழ்களிலும் 1976இல் தொடங்கிய மைய அரசின் வேலைவாய்ப்பு வார இதழிலும் வெளியாயின. அவ்விதழ் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும் வந்தது. தெலுங்கிலும் தமிழிலும் வரவில்லை. ஆகவே நூலகத்தில் அதனைப் படித்துப் பொருள் சொல்லும் ஆசிரியரோ அண்ணனோ இன்றி, சிற்றூர் மாணவருக்கு அச்செய்தி எட்டவில்லை. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தல், சான்றொப்பத்திற்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரைத் தேடுதல், கட்டணத்திற்கு அஞ்சலாணை வாங்குதல் என்று விண்ணப்பிப்பதற்கே ஒரு தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

எல்லைப்புறத் தமிழருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகியது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்த பின்னரும் நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர்ப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்ந்தனர். 1973இன் ஆறு அம்சத் திட்டத்தைத் தொடர்ந்து, 1975இன் குடியரசுத் தலைவர் ஆணை அரசுப் பணிகளில் உள்ளூர் விண்ணப்பதாரர்க்கு முன்னுரிமை வழங்கியது. ‘உள்ளூர்’ என்பதைத் தீர்மானித்தது தாய்மொழியோ பிறந்த ஊரோ அன்று. தகுதித் தேர்வுக்கு முந்தைய தொடர்ச்சியான பள்ளி ஆண்டுகளே முதன்மையான அளவுகோல். எல்லை கடந்து தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவரின் உள்ளூர்த் தகுதி ஐயத்துக்கு உள்ளானது. பின்னாளில் வந்த தனியார் மென்பொருள் துறைக்கு இவ்வரையறை கிடையாது. எல்லைப்புற இளைஞர்க்கு அத்துறை கவர்ச்சியாகத் தோன்றியதற்கு ஊதியம் மட்டும் காரணமன்று. உள்ளூர்ச் சான்று கேட்காத வாயிலாக அது இருந்ததும் காரணமாகலாம்.

பதிவட்டை முறை தளர்ந்த கதையில் ஆந்திர வழக்குகள் இரண்டுக்கு இடமுண்டு. அரசு அலுவலகங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாகவே ஆள் எடுக்கலாம் என்ற நிருவாக ஆணையை உச்ச நீதிமன்றம் 1987இல் ஹரகோபால் வழக்கில் ஏற்றது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், அலுவலகப் பட்டியலோடு நாளிதழ் விளம்பரமும் வேண்டும், விண்ணப்பிக்கும் அனைவரையும் கருத வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. பதிவு செய்யாதவர்க்கும் சமவாய்ப்பு கிடைத்தது நியாயமே. ஆனால் அதன் பின் பதிவு மூப்பு என்னும் மூலதனம் மதிப்பிழந்தது. செய்தியைத் தேடி அடையும் பொறுப்பு தேடுபவர் தோளுக்கு மாறத் தொடங்கியது.

அதே ஆண்டுகளில் மாவட்டத்தின் கல்வி முகமும் மாறியது. திருப்பதியருகே ஸ்ரீ வித்யாநிகேதன் பொறியியல் கல்லூரி 1996இலும், மதனப்பள்ளி தொழில்நுட்பக் கல்லூரி 1998இலும் தொடங்கின. காட்பாடியில் 1984 முதல் இயங்கிய வேலூர்ப் பொறியியல் கல்லூரியும் சித்தூர் மாணவர்க்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. இம்மாவட்டத்தவரான சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, 1998 நவம்பரில் ஐதராபாத்தில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. ஆயிரமாண்டு மாற்றத்தின்போது கணினிகளில் எழக்கூடிய தேதிச் சிக்கலைத் தீர்க்க நிரலர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். அமெரிக்கா தன் எச்-1பி விசாக்களின் ஆண்டு வரம்பை 65,000இலிருந்து படிப்படியாக 1,95,000 வரை உயர்த்தியது.

இப்புதிய சந்தையில் நுழைவதற்குப் பதிவட்டை உதவவில்லை. ஐதராபாத் அமீர்பேட்டையின் பயிற்சி நிலையங்கள், ஆங்கில நாளிதழ்களின் வேலைவாய்ப்பு இணைப்புகள், விளம்பரத்தைக் கண்டு நேரில் சென்று நிற்கும் ‘வாக்-இன்’ நேர்காணல்கள், 1997இல் தொடங்கிய நௌக்ரி போன்ற இணையத்தளங்கள் ஆகியவையே வழிகளாயின. அனைத்தையும் விட வலிமை வாய்ந்தது பரிந்துரை. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஒருவர் தம் நிறுவனத்தில் கொடுக்கும் தன்விவரக் குறிப்பு, தெரியாதவர் அனுப்பும் குறிப்பை முந்தியது. எனவே ஒரு தலைமுறைக்கு முன்பே நகரத்தில் காலூன்றிய குடும்பங்களும் சாதிக் குழுக்களும் முன்னேறின. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பின்தங்கினர். தகுதியை மட்டுமே பார்ப்பதாகக் கூறிக்கொண்ட துறையில் உறவு வலை ஆற்றிய பணி தனி ஆய்வுக்குரியது.

வளாகத் தேர்வு இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. எனினும் புதியதொரு தரவரிசையையும் படைத்தது. நிறுவனங்கள் தாம் ஏற்ற கல்லூரிகளுக்கு மட்டுமே சென்றன. ‘அறுபது விழுக்காடு, நிலுவைத் தாள் இல்லாமை’ என்பன போன்ற அளவுகோல்கள், நேர்காணலுக்கு முன்பே பலரை வெளியே நிறுத்தின. 2000களின் பிற்பகுதியில் ஆந்திர அரசின் கல்விக் கட்டண ஈட்டுத் திட்டத்தால் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளில் பெருமளவில் சேர்ந்தனர். பட்டம் எட்டியது, தேர்வுக் குழு வரும் கல்லூரி எல்லோருக்கும் எட்டவில்லை. அந்த இடைவெளியில் போலி அனுபவச் சான்று விற்கும் தரகர்கள் தழைத்தனர். அதற்கு மறுமொழியாக நாஸ்காம் 2006இல் தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு இளைஞர்க்காக அரசு வைத்தது. இப்பதிவேடோ இளைஞரைச் சரிபார்க்கத் தொழில்துறை வைத்தது. 2009 சனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, சரிபார்ப்பு ஒருவழிப் பாதையாகவே இருந்தமை புலனாகியது. நிறுவனத்தின் மெய்த்தன்மையைச் சரிபார்க்க விண்ணப்பதாரரிடம் எந்தக் கருவியும் இல்லை.

2014 சூன் 2 அன்று மாநிலம் பிரிந்தது. ஐதராபாத் தெலங்கானாவுக்குச் சென்றது. மறுசீரமைப்புச் சட்டத்தின் உறுதிமொழிப்படி 2015இல் திருப்பதிக்கு ஐஐடியும் ஐசரும் வந்தன. அவை அனைத்திந்தியத் தேர்வுகளால் நிரம்பும் நிறுவனங்கள். மாவட்டத்தின் பெயரைச் சுமந்தாலும் மாவட்ட மாணவர்க்கெனத் தனி இடம் வைத்திருப்பவை அல்ல. 2018இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தேசியத் தகுதித் தேர்வை அறிமுகப்படுத்தியபோது, நிறுவனம் நேரில் வாராத கல்லூரி மாணவரும் எழுதலாம் என்ற நிலை பிறந்தது. வாயில் அகன்றது, அதன் மறுபுறம் காத்திருப்பவர் யார் என்பது மறைந்தது.

இதே காலத்தில் தொழில்நுட்பத் தொழில் இவ்வட்டாரத்திற்கே வந்தது என்பது இவ்வரலாற்றின் முரண். சத்தியவேட்டருகே ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் 2015இல் சியோமி கைப்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. திருப்பதி, ரேணிகுண்டா பகுதியிலும் மின்னணு உற்பத்தி நிறுவனங்கள் எழுந்தன. ஸ்ரீசிட்டியின் கைப்பேசி ஆலையில் பணிக்கமர்ந்தோருள் பெரும்பான்மையோர் சுற்றுவட்டார இளம்பெண்கள். பட்டம் பெற்ற பொறியாளர் பெங்களூருக்குப் பேருந்தேற, பள்ளியோ பட்டயமோ முடித்த பெண் நிறுவனப் பேருந்தில் ஆலைக்குச் சென்றார். இருவரும் தொழில்நுட்பத் துறையினரே. ஆனால் துறையின் வரலாறாக எழுதப்படுவது முன்னவர் கதை மட்டுமே. தொழிலகங்களில் 75 விழுக்காடு பணியிடங்களை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கி ஆந்திர சட்டமன்றம் 2019இல் சட்டம் இயற்றியபோது, ‘உள்ளூர்’ என்ற 1975இன் சொல் தனியார் துறையின் வாயிலுக்கு வந்து நின்றது.

2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1959 சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. பெயர்கள் மாறின, தெரிவிக்கும் கடமை உண்டு, தேர்ந்தெடுக்கும் கடமை இல்லை என்ற பழைய இடைவெளி அப்படியே தொடர்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. ஸ்ரீசிட்டியும் ஸ்ரீஹரிக்கோட்டாவும் புதிய திருப்பதி மாவட்டத்திற்கு உரியவையாயின.

ஆய்வாளர்க்கு இதில் அவசரமான பணி ஒன்று உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடுகள் யார் எப்போது பதிந்தனர், எத்தனை ஆண்டு காத்தனர், எதற்கு அழைக்கப்பட்டனர் என்பதைக் காகிதத்தில் பதிந்து வைத்தவை. அலுவலகங்கள் இடம்பெயர்ந்து பதிவுகள் கணினிக்கு மாறும்போது முதலில் கழித்துக்கட்டப்படுவது அத்தகைய பேரேடுகளே. இன்றைய விண்ணப்பங்களோ நிறுவனங்களின் வழங்கிகளில் தங்கி, மறுப்புக்கான காரணமும் சொல்லப்படாமல் அழிகின்றன. வேலை பெற்றவரின் வரலாற்றை நிறுவனங்கள் எழுதிக்கொள்ளும். விண்ணப்பித்தும் பெறாதவரே எண்ணிக்கையில் மிகுதி. அவர்களுடைய வரலாற்றுக்கு எஞ்சியுள்ள சான்றுகள் அப்பழைய பேரேடுகளும், இன்னும் உயிரோடிருக்கும் அத்தலைமுறையினரின் வாய்மொழியும்தாம். அவற்றைத் திரட்டும் காலம் இதுவே.