நாஸ்திகர் எடுத்த சுவிசேஷம்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். பழுத்த கிறிஸ்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஃபிலிம் சொஸைட்டியில் மத்தேயுவின் சுவிசேஷத்தைப் படமாகக் காட்டுகிறார்கள் என்று சொல்லி அவரை அழைத்துப் போனேன். எடுத்தவர் நாஸ்திகர், அதிலும் மார்க்ஸியவாதி என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் வருவாரா?

படம் 1964-ல் வெளிவந்தது. எடுத்தவர் இத்தாலியக் கவியும் நாவலாசிரியருமான பியேர் பாவ்லோ பஸோலினி. அதற்கு முந்திய வருஷந்தான், அவருடைய சிறு படம் ஒன்று மதத்தை அவமதிக்கிறது என்று கோர்ட்டில் நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். அப்பீலில் தப்பினார். இப்படிப்பட்டவர் சுவிசேஷத்தின் பக்கம் வந்ததே ஒரு கதை. 1962 அக்டோபரில் ஒரு கிறிஸ்தவ ஸ்தாபனத்தின் அழைப்பின்பேரில் அஸிஸி நகரத்துக்குப் போயிருந்தார். போப் இருபத்துமூன்றாம் ஜான் வந்த சமயம், ஊரே ஜனசமுத்திரம். வெளியே போகாமல் அறையிலேயே தங்கிவிட்டவர், அங்கே கிடந்த சுவிசேஷத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்து முடித்தார். படத்தை அந்தப் போப்பின் நினைவுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

பாலஸ்தீனத்துக்குப் போய்ப் பார்த்தார். அந்தப் பூமி அவர் மனத்திலிருந்ததைப் போல் இல்லை. திரும்பி வந்து, தென் இத்தாலியில் ஏழைகள் தலைமுறை தலைமுறையாகக் குகை வீடுகளில் வாழ்ந்த மத்தேரா என்ற ஊரை ஜெருசலேமாக்கினார். கிறிஸ்துவாக நடித்தவர், பிராங்கோவின் ஆட்சிக்கு எதிராக ஆதரவு தேடி வந்த ஸ்பெயின் தேசத்து மாணவர், வயது பத்தொன்பது. காலண்டர் படத்துச் சாந்த முகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இவர் விறுவிறுவென்று நடந்துகொண்டே, பின்னால் வருகிறவர்களுக்குத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பேசுகிறார், கோபிக்கிறார். பேச்சு அநேகமாக முழுவதும் மத்தேயு எழுதியதே.

சிலுவைக் காட்சி வந்தது. வயதான மரியாள் தள்ளாடி விழுந்து கதறுகிறாள். வாத்தியார் என் முழங்கையைத் தொட்டார்.

"இது மத்தேயுவில் கிடையாதே, ஸார். தாயார் சிலுவையண்டை நின்றதை யோவான் அல்லவா எழுதியிருக்கிறார்?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். தூரத்தில் நின்று பார்த்த ஸ்திரீகள் என்று மத்தேயு சிலரைச் சொல்கிறார்; இயேசுவின் தாய் என்று யாரையும் சொல்லவில்லை.

மறுநாள் அவரிடம் உண்மையை உடைத்தேன். மரியாளாக நடித்தவள் டைரக்டரின் சொந்தத் தாயார், சூஸன்னா. அவளுடைய இளைய மகன் குயிதோ, யுத்தத்தின்போது பாசிஸ்டுகளை எதிர்த்த கொரில்லாப் படையில் சேர்ந்தவன். 1945 பிப்ரவரியில் அவனைக் கொன்றவர்கள் பாசிஸ்டுகள் அல்ல, கம்யூனிஸ்டு கொரில்லாக்கள். அவனுக்கும் அப்போது வயது பத்தொன்பது. அண்ணன் பிற்பாடு அதே கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார் என்றால், மனித மனத்தை என்னவென்று சொல்வது! (கட்சி அவரை 1949-ல் விலக்கிவிட்டது; அது வேறு சமாசாரம்.)

தெய்வ நம்பிக்கை இல்லாதவர் மூல நூலுக்கு இவ்வளவு அடங்கி நடந்துவிட்டு, ஓர் இடத்தில் மீறினார் என்றால், அது தம் தாய்க்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்தர்கள் எடுத்த எத்தனையோ ஏசு படங்களில் எனக்குக் கிட்டாதது அங்கேதான் கிட்டியது. இது பக்தியா, வெறும் துக்கமா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. கத்தோலிக்கர்களின் சர்வதேச சினிமாச் சங்கமும் பிரித்துப் பார்க்கவில்லை போலும். அந்த வருஷமே வெனிஸ் விழாவில் பரிசு கொடுத்துவிட்டது. 1995-ல் வாடிகன் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலிலும் இது உண்டு.

வாத்தியார் வெகு நேரம் பேசவில்லை. ஏமாற்றி அழைத்துப் போனதற்காக என்னைக் கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"அந்த அம்மாள் அப்புறம் எப்படி இருந்தாள்?" என்று கேட்டார்.

1975 நவம்பரில் பஸோலினியையும் ரோமுக்கு அருகே கடற்கரையோரத்தில் கொன்று போட்டார்கள் என்று சொன்னேன். தாயார் 1981 வரையில் உயிரோடு இருந்தாள்.