இதில் ஊதுவது யார்?

ஜாஸ் பிரியர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் தவறாமல் நடக்கும் சடங்கு ஒன்று உண்டு. ஒருவர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, உறையை மறைத்துக்கொண்டு, "இதில் ஊதுவது யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்பார். பிறகு விடிய விடியப் பேச்சுதான். இந்தப் பழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயது. ஜாஸின் வரலாற்றை எழுதிவைத்ததே இப்படிக் கூடிப் பேசியவர்கள்தான் என்பது என் கட்சி. நம் கச்சேரி மேடையின் மனோதர்மம் போல, அந்தக் கணத்தில் பிறக்கும் வாசிப்பு தாளில் அடங்காது. தட்டு ஒன்றுதான் அதற்குச் சாட்சி.

1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனி ஐந்து இளைஞர்களைப் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள். 'ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட்' என்று பெயர். கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை, பிறர் கையால்தான் முதலில் தட்டில் ஏறியது. ஃபிரெடி கெப்பார்ட் என்ற கறுப்பினக் கார்னெட் கலைஞருக்கு அதற்கு முன்பே வாய்ப்பு வந்ததென்றும், ஆளாளுக்குத் தன் வாசிப்பைத் திருடிவிடுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டாரென்றும் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, பயத்தில் நியாயம் இருந்தது. அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் பிக்ஸ் பைடர்பெக் என்ற சிறுவன், ராணுவத்திலிருந்து திரும்பிய அண்ணன் கொண்டுவந்த டிக்ஸிலாண்ட் தட்டுகளோடு சேர்ந்து ஊதி ஊதியே கார்னெட் கற்றுக்கொண்டான். சில ஆண்டுகளில் அவனையே மற்றவர்கள் தட்டு வழியாக நகலெடுக்கத் தொடங்கினார்கள்.

1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' விற்ற வேகத்தைப் பார்த்த பிறகே, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. தெற்கு மாநிலங்களின் பல சிற்றூர்களில் அவற்றை விற்கக் கடை இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள். வடக்கே கட்டுக்கட்டாக வாங்கி, ரயில் போகும் ஊர்களில் லாபம் வைத்து விற்றார்கள்.

அந்தக் காலத்து லேபிளில் பாட்டின் பெயர் இருக்கும், குழுவின் பெயர் இருக்கும். யார் எதை வாசித்தார் என்று பெரும்பாலும் இருக்காது. குழுவின் பெயரும் சில சமயம் பொய். லூயி ஆம்ஸ்ட்ராங் ஓகே கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தபோதே, 1926இல் வேறொரு கம்பெனிக்கு 'லில்ஸ் ஹாட் ஷாட்ஸ்' என்ற முகமூடியோடு வாசித்தார். ஓகே அதிகாரி அந்தத் தட்டைப் போட்டு, இது யார் குரல் என்று கேட்டாராம். யாரென்று தெரியவில்லை, ஆனால் இனிமேல் இப்படி நடக்காது என்றாராம் ஆம்ஸ்ட்ராங்.

இந்த மாதிரிப் புதிர்களை அவிழ்க்க உட்கார்ந்த ஊர்களில் பாரிஸுக்கு முதல் மரியாதை. 1932இல் அங்கே 'ஹாட் கிளப் ஆஃப் பிரான்ஸ்' பிறந்தது. சேர்ந்து தட்டு கேட்பது, கேட்டதைப் பற்றி வாதாடுவது, இதுதான் அதன் வேலை. ஓவியத் தம்பதியான ராபர்ட், சோனியா தெலோனே ஆகியோரின் மகன் சார்ல் அதில் ஊறிப்போனார். எந்தத் தட்டு எந்தத் தேதியில் பதிவானது, எந்தக் கருவியை யார் வாசித்தார் என்று கலைஞர்களிடமே விசாரித்து, 1936இல் 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற பட்டியல் நூலை வெளியிட்டார். அமெரிக்கா பழைய சாமான் கடைகளில் தள்ளிவிட்டிருந்த தட்டுகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பாரிஸில் எழுதப்பட்டது.

நியூயார்க்கின் 42ஆம் தெருவில் மில்ட் கேப்ளர், தன் தந்தையின் ரேடியோ கடையை மெல்ல மெல்ல இசைத்தட்டுக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். 'கமடோர்' என்ற அந்தக் கடையில் வாங்க வந்தவர்களைவிட நின்று பேச வந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். பொருளாதார வீழ்ச்சியில் கம்பெனிகள் கைவிட்ட பழைய பதிவுகளை உரிமை பெற்று மறுபடி அச்சடித்தார் கேப்ளர். அந்த மறுபதிப்புகளின் லேபிளில் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் கருவியையும் போட்டார். இன்று உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பெயர்களைத் தேடுகிறோமே, அதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அவர். கறுப்பினத்தவரை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையைச் சொல்லும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்' பாட்டைப் பதிவு செய்ய கொலம்பியா கம்பெனி மறுத்தபோது, பாடகி பில்லி ஹாலிடே 1939இல் வந்து நின்றது இந்தக் கடைக்காரரிடம்தான்.

பிறகு போர் வந்தது. அந்நாளைய தட்டுகளின் உயிர், நம் நாட்டு அரக்கு. பீகார், வங்கக் காடுகளின் மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பொருள் கப்பலேறிப் போய் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங்கின் குரலைச் சுமந்தது. கப்பல் போக்குவரத்து தடுமாற, 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டைச் சுருக்கியது. பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். எத்தனை அரிய பதிவுகள் அப்படி மாவாகிப் போயினவோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ராயல்டி கேட்டு, பதிவுக்கு வரமாட்டோம் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கியது. படைவீரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது. 1943 முதல் அவர்களுக்காகவே 'வி-டிஸ்க்' தட்டுகள் அச்சாகிப் போர்முனைகளுக்குப் போயின. கடையில் விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

அவற்றில் சில போய்ச் சேர்ந்த இடம் யோகோஹாமா. அங்கே மாமோரு யோஷிதா 1933இல் 'சிகுசா' என்ற காபிக் கடையைத் திறந்திருந்தார். தனியாக வாங்கக் கட்டுபடியாகாத இறக்குமதித் தட்டுகளை ஒரு காபி விலையில் கேட்கலாம். போரின்போது ஜப்பானிய அரசு ஜாஸை எதிரியின் இசை என்று தடை செய்தது. 1945 மே 29 அன்று அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டில் கடையும் தட்டுகளும் சாம்பலாயின. போர் முடிந்ததும் யோஷிதா மறுபடி கடை போட்டார். புதிய சேகரிப்பில் அமெரிக்க வீரர்கள் கொடுத்த வி-டிஸ்க்குகளும் இருந்தன. எரித்த நாட்டின் தட்டுகளாலேயே கடை மீண்டும் நிறைந்ததை எண்ணி நான் வியக்காத நாளில்லை. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்களில் ஒருவர் இளம் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி. 1956இல் அவர் பாஸ்டனுக்குப் படிக்கப் போனார். பின்னாளில் அமெரிக்காவிலேயே பெரிய ஜாஸ் குழு ஒன்றை நடத்தினார்.

லெனின்கிராட்டில் காபிக் கடை போதாது, ஒளிவிடம் தேவைப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்பவரும் நண்பர்களும், மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி, அதில் தடை செய்யப்பட்ட ரஷ்யப் பாடல்களையும் மேற்கத்திய நடன இசையையும் ஜாஸையும் செதுக்கினார்கள். நடுத் துளைக்குச் சிகரெட் நெருப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். அதனால் 'எலும்பு' என்றே அழைத்தார்கள். சில தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும். இப்படித் தட்டு செய்ததற்காகப் பொகஸ்லோவ்ஸ்கி சிறைக்கும் போனார்.

அமெரிக்காவில் நகல் வேறு விதமாக நடந்தது. கம்பெனிகள் மறுபதிப்பு செய்யாத பழைய ஜாஸை ஒரு ரசிகர் 1950 வாக்கில் அனுமதியில்லாமல் எல்பி தட்டுகளாகப் போட்டார். லேபிளின் பெயர் 'ஜாலி ராஜர்': கடற்கொள்ளையரின் கொடி! அவற்றை அச்சடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? ஆர்சிஏ விக்டரின் சொந்த அச்சுப் பிரிவு. அந்தக் கம்பெனிக்கே உரிமையான பதிவுகளும் அவற்றில் இருந்தன. 1951இல் விஷயம் வெளியே வந்தது, பிறகு வழக்கும் வந்தது. வெட்கப்பட்ட கம்பெனிகள் தாங்களே மறுபதிப்பில் இறங்கின.

1955 முதல் வில்லிஸ் கோனோவர் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியில் இரவுதோறும் ஜாஸ் தட்டுகளை ஒலிபரப்பினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். 1959இல் அவர் போலந்துக்குப் போனபோது விமான நிலையத்தில் கூட்டம் திரண்டது. சொந்த நாட்டிலோ அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த வானொலி உள்நாட்டுக்கு ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை.

அதே வானொலி 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து, நாடாவைப் பெட்டியில் போட்டு மறந்தது. அதில் வாசித்த தெலோனியஸ் மங்கும் ஜான் கோல்ட்ரேனும் அந்த ஆண்டு சில மாதங்கள்தான் சேர்ந்து வாசித்தார்கள். அவர்களின் பதிவுகள் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றனவே என்று ரசிகர்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் லாரி ஆப்பல்பாம் பழைய நாடாக்களை டிஜிட்டலாக்கும்போது, ஒரு பெட்டியில் 'டி. மங்க்' என்று கையால் எழுதியிருந்ததைக் கண்டார். ஓடவிட்டவுடன் சாக்ஸபோன் கோல்ட்ரேனுடையது என்று அவருக்குப் பிடிபட்டது. அந்தப் பதிவை அதே ஆண்டு வெளியிட்டது புளூ நோட் கம்பெனி. 1939இல் அதைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன், பதின்ம வயதில் பெர்லினில் சாம் வுடிங் குழுவின் கச்சேரியைக் கேட்டு மயங்கி, அன்றிலிருந்து தட்டுகளைத் தேடி அலைந்தவர்.